துணைக்கு வந்தவளின் நெஞ்சுவலி

முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் உங்களிடம் வந்து, "உயிரே போயிடுச்சும்மா" என்பார். பதறாதீர்கள். உயிர் போன எவரும் இதுவரை வரிசையில் நின்று டோக்கன் வாங்கியதில்லை. அடுத்தவர் வந்து, காலையிலிருந்து ஒரு பொட்டுத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்பார். கையில் பாதி குடித்த டீ இருக்கும். அவரையும் முறைக்காதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, அலங்காரமாகச் சொல்கிறார்.

நம் ஆஸ்பத்திரியின் தமிழ் உதவி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இரண்டு பேருக்கும் நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி நிர்வாகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் நாலு வார்த்தை கேட்டால் நானூறு வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த ஃபாரம் எந்த ஜன்னலில், இன்ஷூரன்ஸுக்கு எந்த மாடி என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அவை எப்படியும் நீங்கள் பழகி முடிப்பதற்குள் மாறிவிடும். நோயாளி தமிழில் நோயைச் சொல்வதும், டாக்டர் மலையாளத்தில் காரணம் கேட்பதும், நடுவில் நாம் விழி பிதுங்க உட்கார்ந்திருப்பதும் மட்டும் மாறாது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரத்துப் பெண். எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு, இந்தத் திருவனந்தபுரத்தில் எந்தப் பள்ளிக்கூடமும் கூப்பிடாததால் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தவள். ஒரு பிள்ளைக்கும் ஒரு எழுத்தும் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் படித்த படிப்பைக் கேள்விப்பட்டு எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அணியிலக்கணத்தைப் பரீட்சைக்காக உருப்போட்டபோது இதையெல்லாம் யார் எங்கே பேசுகிறார்கள் என்று எரிச்சல்பட்டிருக்கிறேன். ஓ.பி.யில் உட்கார்ந்த முதல் நாளே பதில் கிடைத்தது. பேசாதவர் ஒருவரும் இல்லை.

உயர்வு நவிற்சி, அதாவது உள்ளதைப் பெரிதாக்கிச் சொல்வது, நம் மேசைக்குத் தினசரிச் சாப்பாடு. தலை சுக்கு நூறாக வெடிக்கும், வயிறு பற்றி எரியும், கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கல் பெரும்பாலும் பெண்களிடம் வரும். "அங்கே கொஞ்சம் தொந்தரவு" என்பார்கள். அங்கே என்றால் எங்கே என்று டாக்டர் என்னைக் கேட்பார், நான் அவர்களைக் கேட்பேன், அவர்கள் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்ப்பார்கள். வஞ்சப்புகழ்ச்சி டிஸ்சார்ஜ் அன்று வரும். ஒரு தூத்துக்குடிக்காரர் கான்டீன் மேனேஜரிடம், "உங்க சாம்பாரைக் குடிச்ச பிறகு எனக்குச் சாவு பயமே போயிட்டுது" என்றார். மேனேஜர் சந்தோஷமாக என்னைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று கேட்டார். பாராட்டுகிறார் என்றேன். பொய் இல்லையே.

ஆனால் டாக்டருக்கு முன்னால் அப்படி விளையாட முடியாது. நான் சேர்ந்த காலத்தில் ஓ.பி.யைக் கட்டி ஆண்ட ஒரு ஹெட் நர்ஸ் இருந்தார். கொல்லத்துக்காரர், குரல் கணீரென்று இருக்கும். என்னைப் பற்றி அவருக்கு ஒரே கவலைதான்: தமிழ் படித்தவள், சும்மா இருக்க மாட்டாள், நோயாளி சொல்லாததை எல்லாம் சேர்த்துச் சொல்லுவாள். அதனால் காலையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் குட்மார்னிங்குக்குப் பதிலாக, "பறஞ்ஞது மாத்ரம் பறஞ்ஞா மதி, கேட்டோ" என்பார். அவர்கள் சொன்னதை மட்டும் சொன்னால் போதும், உன் சரக்கைச் சேர்க்காதே என்று அர்த்தம். கவிஞர்கள் கொடி அசைவதைப் பார்த்து, அது வராதே வராதே என்று கை காட்டுகிறது என்று தங்கள் கருத்தை அதன்மேல் ஏற்றுவார்களே, தற்குறிப்பேற்றம், அது இந்த மேசையில் தடை செய்யப்பட்ட அணி. நியாயமான விதி. ஒரே ஒரு நாள் அந்த விதி என்னைப் பாடாய்ப் படுத்தியது. அந்த நாளைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

பொன்முடி எஸ்டேட்டிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன்: அவர் சுடலைமுத்து, அந்த அம்மாள் செல்லக்கனி. ஐம்பதைத் தாண்டியவர்கள். இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை, கூலிக்காரர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் குடித்தனம். நோயாளி சுடலைமுத்துதான். செல்லக்கனி துணைக்கு வந்தவர். ஒரு தோளில் பை, ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் கணவரின் பழைய மருந்துச் சீட்டுகள் அடங்கிய பிளாஸ்டிக் கவர்.

சுடலைமுத்து உயர்வு நவிற்சியில் ஒரு சக்கரவர்த்தி. நெஞ்சுக்குள் வெடி வெடிக்கிறது என்றார். ஏப்பம் விட்டால் பொன்முடி மலையே ஆடுகிறது என்றார். முந்தின நாள் ராத்திரி எமன் லயத்து வாசல் வரைக்கும் வந்து, நாய் குரைத்ததால் திரும்பிப் போனானாம். நான் ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் குறைக்காமல், நாய் உட்பட எல்லாவற்றையும் மலையாளத்தில் சொன்னேன். டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. சிரிப்பை அடக்கிக்கொண்டு வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வாயுவாக இருக்கும், ஆனாலும் நெஞ்சு என்று சொல்வதால் ஈசிஜி எடுத்துவிடுவோம் என்றார்.

சுடலைமுத்துவை உள்ளே படுக்க வைத்தார்கள். நானும் செல்லக்கனியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த அம்மாளுக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. மலைப்பாதையில் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் நின்றுகொண்டே இறங்கி வந்தவர், களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். கதவு இடுக்கு வழியாக அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சரே, ஒண்ணு கேக்கட்டா? எங்க லயத்துல ஒருத்தி இருக்கா. அவளுக்கு நேத்துலேர்ந்து இங்கன பாறாங்கல்லை ஏத்தி வச்ச மாதிரி இருக்காம். அப்படியே தாடை வரைக்கும் ஏறுதாம். கொழுந்து பறிக்கப் போய்க்கிட்டுத்தான் இருக்கா. அதுவும் வாயுதானே?"

ஊர்க்கதை என்றுதான் முதலில் காதில் வாங்கினேன். ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லாரும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து வைத்தியம் கேட்டுப் போவது வழக்கம். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். இங்கன என்று சொன்னபோது உள்ளங்கை நடு நெஞ்சில் அழுந்தியிருந்தது. தாடை என்றபோது கை தாடைக்குப் போய், திரும்பவும் நெஞ்சுக்கே வந்து அங்கேயே தங்கிவிட்டது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் ஆட்கள் அடுத்தவர் நோயைச் சொல்லும்போது தன் உடம்பைத் தொட்டுக் காட்ட மாட்டார்கள். காட்டினால் அந்த நோய் தனக்கு வந்துவிடும் என்று பயம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தப்பித் தவறிக் கை பட்டுவிட்டால் வெடுக்கென்று எடுத்து உதறுவோம். நம் ஓ.பி.யில் ஒரு பையன் அவன் அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கல் எங்கே இருக்கிறது என்பதைத் தண்ணீர் கூலர்மேல் தொட்டுக் காட்டினான். இன்னொருவர் மாமியாரின் இடுப்பெலும்பை என் மேசை விளிம்பில் காட்டினார். அவர் போன பிறகு நானே மேசையைத் துடைத்தேன். இத்தனை வருஷத்தில் இன்னொருத்தியின் நெஞ்சுவலியைத் தன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னவரை நான் பார்த்ததில்லை.

சொல்ல வந்ததைச் சொல்லாமல், வேறொன்றைச் சொல்லி, கேட்பவர் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவதற்குப் பிறிதுமொழிதல் என்று பெயர். பரீட்சையில் அதற்கு உதாரணம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். இப்போது உதாரணம் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தது.

உங்களுக்கா வலிக்கிறது என்று நேராகக் கேட்டிருந்தால் இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். அதனால் நானும் அந்த லயத்துப் பெண்ணைப் பற்றியே விசாரித்தேன். அவளுக்கு வியர்க்கிறதா என்றேன். வியர்க்கும் என்றார். மூச்சு வாங்குமா என்றேன். படி ஏறினால் வாங்கும் என்றார். இப்போது அவளுக்கு எப்படி இருக்கும் என்றேன். செல்லக்கனி தரையைப் பார்த்தார். இப்பவும் அப்படித்தான் இருக்கும் என்றார்.

"அவ வீட்டுக்காரர்கிட்ட சொன்னாளாம்மா?"

"அவரே சொகமில்லாத மனுஷன், டீச்சரே. துணைக்கு வந்தவளே படுத்துட்டா நோயாளியை யாரு பாக்கறது?"

அதற்குள் சுடலைமுத்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய ஈசிஜியில் ஒரு குறையும் இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. மாத்திரையை வாங்கிக்கொண்டு உடனே தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால்தான் மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க முடியும், அதை விட்டால் நாளைக்குத்தான் என்று அவசரப்படுத்தினார். செல்லக்கனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். எழும்போது ஒரு கணம் சுவரைப் பிடித்தார்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? விதிப்படி, சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், பொன்முடியில் யாரோ ஒரு பெண்ணுக்கு வாயு. டாக்டர், அவரை ஒரு நாள் வரச் சொல்லுங்கள் என்பார், இவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். அந்தப் பஸ்ஸிலிருந்து செல்லக்கனி உயிரோடு இறங்குவாரா என்று எனக்கு நிச்சயமில்லை. மாறாக, இந்த அம்மாளுக்கு மாரடைப்பு என்று நானே டாக்டரிடம் அறிவித்தால், அது என் சரக்கு. தப்பாக இருக்கலாம். டாக்டர் கேட்பார், இவர் இல்லவே இல்லை என்பார், கணவர் முன்னால் மானம் போனதாக நினைத்து இன்னும் வேகமாக நடந்து போய்விடுவார்.

நான் சுடலைமுத்துவிடம் ஒரு சீல் விடுபட்டிருக்கிறது, உட்காருங்கள் என்றேன். சீலாவது மண்ணாவது. டாக்டர் அறைக்குள் வேறொரு நோயாளி இருக்கும்போதே நுழைந்து, கேட்டதையும் பார்த்ததையும் தனித்தனியாகச் சொன்னேன். அந்த அம்மாள் சொன்ன வார்த்தைகள் இவை, லயத்தில் ஒருத்திக்கு என்றுதான் சொன்னார். சொல்லும்போது தன் நெஞ்சையும் தாடையையும் தொட்டார், வியர்த்திருக்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எங்கள் ஆட்கள் அடுத்தவர் நோய்க்குத் தன் உடம்பைத் தொடுவது வழக்கமில்லை. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை டாக்டர் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து கதவு வரைக்கும் வந்து, பெஞ்சில் இருந்த செல்லக்கனியை ஒரு பார்வை பார்த்தார். உடனே ஈசிஜி எடுக்கணும், எப்படியாவது படுக்க வையுங்கள் என்றார்.

எப்படியாவது என்பதுதான் நம் வேலையில் எனக்குப் பிடிக்காத வார்த்தை. நான் செல்லக்கனி பக்கத்தில் உட்கார்ந்தேன். டாக்டரிடம் அந்த லயத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன், அவளுக்கும் இந்த மெஷின் வைத்துப் பார்க்க வேண்டுமாம், ஆனால் அவள் பயப்படுவாளோ என்று யோசிக்கிறார் என்றேன். "நீங்க ஒரு தரம் படுத்துப் பாருங்க. வலிக்காதுன்னு அவகிட்ட போய்ச் சொல்லலாம் இல்லையா?"

செல்லக்கனி என் முகத்தையே பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. பையையும் பிளாஸ்க்கையும் என்னிடம் கொடுத்தார். "அவளுக்காகத்தான், கேட்டோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காகிதம் மெஷினிலிருந்து முழுசாக வெளியே வருவதற்கு முன்பே டாக்டர் போனை எடுத்துவிட்டார். ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, இப்போதே மேலே கொண்டுபோய்ச் சரி செய்ய வேண்டும், தாமதித்தால் பிழைக்க வைப்பது கஷ்டம் என்றார். மாத்திரைகளைக் கொடுத்து மெல்லச் சொன்னார்கள். ஸ்ட்ரெச்சர் வந்தது. நான் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். செல்லக்கனி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, சரி, அவளிடம் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்து உட்காரப் பார்த்தார்.

அதுவரை எனக்குக் கைகொடுத்த பிறிதுமொழிதல் அங்கே வந்து கையை விரித்துவிட்டது. லயத்தில் இருக்கும் யாரோ ஒருத்திக்குச் சிகிச்சை செய்ய இவரை உள்ளே தள்ளிக்கொண்டு போக முடியாது. சுயநினைவோடு இருக்கிறார், வேண்டாம் என்கிறார். இவரே சம்மதிக்க வேண்டும். டாக்டர் தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, இது உங்க ஹார்ட்" என்றார். செல்லக்கனி அவரைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற கணவரைப் பார்த்தார். அவருக்குச் சாப்பிட்டு மாத்திரை போடும் நேரம் ஆகிவிட்டது, போக வேண்டும் என்றார் செல்லக்கனி. எனக்கு அழுகையும் வந்தது, அந்த மனிதர்மேல் கோபமும் வந்தது. நாய் குரைத்தது வரைக்கும் சொல்லத் தெரிந்தவருக்குப் பக்கத்தில் படுத்திருப்பவளுக்கு வியர்த்தது தெரியவில்லையே என்று பல்லைக் கடித்தேன்.

சுடலைமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னேன். மலை இடியும், வானம் பிளக்கும், இங்கேயே உருண்டு புரளுவார் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன். அவர் நேராக உள்ளே போய் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றார். தன் நெஞ்சில் வைத்திருந்த கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல, கனி. லேசா வாயு, அவ்வளவுதான். நீ உன்னைச் சொல்லு."

செல்லக்கனி அவரை ஏற இறங்கப் பார்த்தார். நிஜமாகவே ஒன்றுமில்லையா என்று உறுதி செய்துகொள்வதைப் போல இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு வலிக்குது," என்றார். "தாங்க முடியல."

எந்தா பறஞ்ஞது என்று டாக்டர் கேட்டார். அவருக்கு வலிக்கிறதாம், தாங்க முடியவில்லையாம் என்றேன். சேர்க்கவும் ஒன்றுமில்லை, விளக்கவும் ஒன்றுமில்லை. உள்ளதை உள்ளபடி சொல்வதற்கும் தன்மை நவிற்சி என்று ஓர் அணி இருக்கிறது. அதை ஏன் அணிகளில் சேர்த்தார்கள், அதில் என்ன அலங்காரம் என்று கல்லூரியில் வாத்தியாரிடம் வாதாடியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கதவு மூடும்போது என் வாதம் தோற்றுப்போனது.

உங்களுக்கு நான் தரக்கூடிய யோசனையும் இதற்குள்தான் இருக்கிறது. பெரிதாகச் சொல்பவரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அவருக்குச் சொல்லவாவது தெரிகிறது, டாக்டர் எப்படியும் பார்த்துவிடுவார். ஒன்றுமில்லை என்பவரை, லேசாக என்பவரை, யாருக்கோ என்பவரைக் கவனியுங்கள். பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பவரைக் கவனியுங்கள். கேட்டதைக் கேட்டதாகச் சொல்லுங்கள், பார்த்ததைப் பார்த்ததாகச் சொல்லுங்கள், இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். அந்த ஹெட் நர்ஸ் மறுநாள் காலையில் என்னைப் பார்த்ததும் வழக்கமான வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்தி, வெறும் குட்மார்னிங் என்றார். என் பணிக்காலத்தில் நான் வாங்கிய விருது அதுதான்.

அந்த மறுநாளே வார்டுக்கும் போய்ப் பார்த்தேன். செல்லக்கனி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முகம் தெளிந்திருந்தது. சுடலைமுத்து பழைய தெம்புக்குத் திரும்பியிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, டாக்டர் செல்லக்கனியின் இருதயத்தைக் கையில் எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, துடைத்து, திரும்ப உள்ளே வைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் வாய் பிளந்து நின்றார்கள். நானும் கொஞ்சம் நின்று கேட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

இருதயம் இன்னும் அவர் கதையில் வெளியே இருக்கும்போதே செல்லக்கனி குறுக்கே பேசினார்.

"எனக்குத் தண்ணி வேணும்."

சுடலைமுத்து கதையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனார்.